அப்பாவின் சைடு வீல் ஸ்கூட்டரும் ரோமில் ஓட்டிய சாயும் வண்டியும்

நின்று கொண்டிருக்கும்போது நூற்றுக்கு நூறு, வளைவில் பாஸ் மார்க்கூடத் தேறாது. எட்டு மாதமாக அப்பாவின் ஸ்கூட்டரில் மாட்டியிருக்கும் சைடு வீலைப் பற்றி ஒரே வரியில் கேட்டால் இதுதான் என் பதில். மாட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறவர்கள் மீதியையும் படியுங்கள்.

எங்களுக்கு மார்த்தாண்டத்துக்குக் கிழக்கே கொஞ்சம் ரப்பர் உண்டு. அப்பா ரப்பர் ஷீட்டையும் மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலையும் ஸ்கூட்டரில் வைத்து பனச்சமூட்டுக் கடைக்குக் கொண்டுபோய்ப் போடுவார். இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் பாசி பிடித்த ஒரு வளைவில் முன் சக்கரம் வழுக்கி விழுந்ததில் வலது முட்டி போயிற்று, கம்பி வைத்து ஆபரேஷன் செய்தும் கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. மாற்றுத்திறனாளி சான்று வாங்கி, டிஎன் 75 ஆர்சியில் மாற்றம் ஏற்ற அலைந்து, கேரள எல்லை தாண்டி அந்தப் பக்கம் ஒரு பட்டறையில் 18,000 ரூபாய் கொடுத்து சைடு வீல் மாட்டினோம். பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சக்கரம், ஆக மொத்தம் நான்கு.

நல்லதை முதலில் சொல்கிறேன். சிக்னலிலோ பெட்டிக்கடை முன்னாலோ நிறுத்தும்போது கால் ஊன்ற வேண்டாம், ஸ்டாண்டு போட வேண்டாம், அறுபது கிலோ ஷீட்டை ஏற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம், வண்டி அப்படியே நிற்கும். இந்த ஒரு விஷயத்துக்காகவே அப்பா மறுபடியும் வீட்டை விட்டு வெளியே போக ஆரம்பித்தார். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஓட ஆரம்பித்ததும் அது ஸ்கூட்டர் இல்லை. 15 மீட்டர் ஆரமுள்ள வளைவை 30 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால் இருசக்கர வண்டி ஏறக்குறைய 25 டிகிரி உள்பக்கம் சாய வேண்டும், நாம் யோசிக்காமலே சாய்க்கிறோம். சைடு வீல் அந்தச் சாய்வை மொத்தமாகப் பூட்டிவிடுகிறது, அதனால் வளைவு தள்ளுகிற தள்ளெல்லாம் ஓட்டுகிறவர் உடம்பில் வெளிப்பக்கமாக இறங்குகிறது. நாற்பது வருடம் இரண்டு சக்கரத்தில் ஓட்டிய கைக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. இடது பக்கம் திரும்ப ஸ்கூட்டரில் இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளுவோம், நமக்கே தெரியாத பழக்கம் அது. சைடு வீல் வண்டியில் அப்படித் தள்ளினால் அது நேராக வலது பக்கம் போகும். முதல் வாரம் அப்பா இரண்டு தடவை எதிர்ப்பக்கத்து வாழைத் தோட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

ரோட்டுச் சரிவும் ஒரு தலைவலி. மழைத் தண்ணீர் வழிய நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்த ரோடுதானே எங்களுக்கு, வண்டியும் அந்தச் சரிவோடு சேர்ந்து இடது பக்கமே சாய்ந்து ஓடும். "மக்களே, இது நான் சொன்னத கேக்கல்ல, ரோடு சொன்னதத்தான் கேக்குது" என்றார் அப்பா. அதைவிட மோசம் குண்டுகுழி. இரண்டு சைடு வீலும் மேட்டில் ஏறி நிற்க, நடுவில் இருக்கும் அசல் பின்சக்கரம் பள்ளத்துக்கு மேல் தொங்கிக்கொண்டு வெறுமனே சுற்றும், என்ஜின் கத்தும், வண்டி நகராது. சைடு வீலை வண்டியோடு பிடித்திருக்கும் கைக்கு எங்களுக்கு ஸ்பிரிங் வைக்கவில்லை, வெறும் இரும்புக் குழாய், நான்காம் மாதமே வெல்டிங் விட்டது. ஸ்பிரிங்கோ ஷாக்கோ உள்ள கை கேட்டு வாங்குங்கள், கூடக் கொஞ்சம் ஆனாலும் பரவாயில்லை.

இதற்கு நடுவில்தான் ரோமுக்குப் போனேன். அக்கா அங்கே நர்ஸ். அத்தான் வைத்திருப்பது பியாஜியோ எம்பி3 என்ற ஸ்கூட்டர், முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. எங்கள் ஊர்ப் பக்கம் பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கூட்டிப்போகிற ஆப்பே ஆட்டோவும் அதே கம்பெனிதான், ஆனால் ஆட்டோ சாயாது, இது சாயும். இன்டர்நேஷனல் பெர்மிட்டோடு பத்து நாள் ஓட்டினேன். அங்கே பழைய தெருக்களில் கருங்கல்லைச் சின்னச் சின்னதாக வெட்டிப் பதித்திருக்கிறார்கள், மழை பெய்தால் எங்கள் பாசி ரோட்டுக்குச் சளைத்ததில்லை. அதில் வளைவு எடுக்கும்போது ஒரு சக்கரம் நழுவினாலும் இன்னொன்று பிடித்துக்கொள்கிறது. மற்றபடி சாதாரண ஸ்கூட்டர்தான், கையும் உடம்பும் புதிதாக எதையும் படிக்க வேண்டியதில்லை. ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டே அப்பாவைத்தான் நினைத்தேன்.

எம்பி3 முதன்முதலில் வந்தது 2006-ல். முன்னால் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் மேலும் கீழுமாக இணையான கைகள், பக்கத்துக்கு ஒரு செங்குத்துக் குழாய், நான்கும் சேர்ந்து ஒரு சட்டம். வண்டி சாயும்போது சட்டம் சரிந்த கட்டமாக மாறும், ஒரு சக்கரம் மேலே ஏறும், மற்றது கீழே இறங்கும், இரண்டும் வண்டியோடு சேர்ந்து ஒரே கோணத்தில் சாயும். கேட்க எளிது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: சக்கரங்களுக்கு நடுவே 420 மில்லிமீட்டர், சாய்வு 40 டிகிரி என்றால் ஒரு சக்கரம் மற்றதைவிட 35 சென்டிமீட்டர் மேலே போயாக வேண்டும். அதற்கு முகப்புக்குள் இடம் வேண்டும், அந்த நிலையிலும் ஹாண்டில் திரும்ப வேண்டும், ஷாக்கும் வேலை செய்ய வேண்டும். அகலத்தை ஒரு மீட்டராக்கினால் இந்த 35 ஒரேயடியாக 84 ஆகும். இந்த வண்டிகளெல்லாம் முன்னால் ஒடுங்கியே இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஐரோப்பாவில் இன்னொரு வேடிக்கை, 460 மில்லிமீட்டருக்குள் இருந்தால் இரண்டு சக்கரத்தையும் வாகன விதி ஒன்றாகவே எண்ணும். அதைத் தாண்டினால்தான் மூன்று சக்கர வண்டி. அதனால் 465 ஆக்கி, காலுக்கு ஒரு பிரேக் மிதியும் வைத்து, கார் லைசென்ஸிலேயே ஓட்டும்படி எல்டி என்று ஒரு மாடல் விட்டார்கள். அத்தானுடையது அதுதான்.

மூன்று சக்கரம் இருந்தால் தானாக நிற்கும் என்று நினைத்துத்தான் நானும் ஏறினேன். நிற்காது. சாயும்படி செய்துவிட்டால் நிறுத்தும்போதும் சாயும், இரண்டு சக்கர வண்டி மாதிரியே விழும். யமஹா 2014-ல் விட்ட டிரைசிட்டி 125-ல் கால் ஊன்றித்தான் நிற்க வேண்டும், 2020-ல் வந்த டிரைசிட்டி 300-ல்தான் நிற்க உதவி வைத்தார்கள். எம்பி3-ல் ஒரு பூட்டு உண்டு. வேகம் நன்றாகக் குறைந்ததும் ஹாண்டிலில் இருக்கும் சுவிட்சை அழுத்தினால் மோட்டாரும் எண்ணெய் அழுத்தமும் சேர்ந்து சாய்வையும் முன் ஷாக்கையும் இறுக்கிப் பிடித்துவிடும், கால் இரண்டும் மேலேயே இருக்கும், ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் தானே விடும். சாய்ந்த நிலையில் பூட்டினால் சாய்ந்தபடிதான் பூட்டும், அதனால் நிமிர்த்திவிட்டு அழுத்த வேண்டும். இரண்டாம் நாளே விரலுக்குப் பழகிவிட்டது. அப்பாவுக்கு வேண்டியது இந்தப் பூட்டு ஒன்றுதான், மீதியெல்லாம் இலவச இணைப்பு. ஓடும்போது சாயணும், நின்றால் சாயக் கூடாது, அவ்வளவுதானே.

ஆனால் ஷீட் கட்டு? அதற்கு இதைவிடப் பழைய யோசனை ஒன்று பொருந்தும். பிரிட்டனில் 1970-ல் பிஎஸ்ஏ கம்பெனி ஏரியல் 3 என்று ஒரு 50 சிசி வண்டி விட்டது, பின்னால் இரண்டு சக்கரமும் என்ஜினும் சாயாமல் தரையோடு கிடக்கும், ஓட்டுகிறவர் உட்காரும் முன் பாதி மட்டும் நடுவில் ஒரு கீலில் சாயும். வண்டி படுதோல்வி. ஆனால் அதன் பின்னால் இருந்த ஜார்ஜ் வாலிஸின் காப்புரிமையைப் பயன்படுத்த ஹோண்டா உரிமம் வாங்கி ஜைரோ வரிசையைச் செய்தது, 1982-ல் ஜைரோ எக்ஸ், அப்புறம் பீட்சா கொண்டுபோகிற கூரை வைத்த ஜைரோ கேனப்பி. சரக்கு சாயாது, ஆள் மட்டும் சாய்வார். அறுபது கிலோ ஷீட்டுக்கு என்னைக் கேட்டால் இதுதான் சரி.

சரி, அப்படியே எம்பி3 ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் ரோட்டில் விட்டால்? எடை 200 கிலோவுக்கு மேல், அப்பாவின் ஸ்கூட்டர் 110-ஐத் தாண்டாது. பூட்டு போடும்முன் சரிந்தால் மடங்காத முட்டியோடு அவரால் தாங்க முடியாது. இரண்டு சக்கர வண்டிக்கு ஒரே தடம், குழிக்கு ஓரமாக ஒடித்துப் போய்விடலாம், மூன்று தடம் என்றால் ஏதாவது ஒன்று விழும். முன்னால் இருக்கும் அந்தச் சட்டம் நன்றாகவே தாங்கும், ஒரு சக்கரம் இறங்கினாலும் உடம்பு அவ்வளவாக ஆடாது, ஆனாலும் அத்தனை மூட்டும் புஷ்ஷும் எங்கள் மழைக்கும் சேற்றுக்கும் எத்தனை வருடம் வரும் என்று யோசிக்கத்தான் செய்கிறேன். காசைப் பற்றிப் பேசவே வேண்டாம், சைடு வீல் விலையை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க முடியாது.

ஊருக்கு வந்ததும் வீடியோவைக் காட்டினேன். அத்தான் சிவப்பு விளக்கில் இரண்டு காலும் மேலே வைத்து உட்கார்ந்திருக்கிற இடத்தை அப்பா மூன்று தடவை திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். "கொள்ளாம்" என்றார், நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரம் கழித்து, "லே மக்கா, முன்னால ஒண்ணு பஞ்சர் ஆனா பனச்சமூட்டுல எவன் ஒட்டுவான்?" என்று கேட்டுவிட்டு, புதிதாக ஸ்பிரிங் கை மாட்டிய ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு இருபது கிலோமீட்டர் வேகத்திலேயே கிளம்பிப் போனார்.