மூன்று வருடம் பினாஸ்டரைட்: தலைமயிரும் தசையும்

2022 தையில், தலைமயிர் கொட்டுவதைத் தடுக்கும் பினாஸ்டரைட் குளிசையைத் தொடங்கினேன். நெற்றி இரண்டு பக்கமும் ஏற, "அப்பாவின்ர தலை வருது" என்று அம்மா சொல்லத் தொடங்கிய காலம். தோல் வைத்தியர் தந்தது நாளுக்கு 1 மில்லிகிராம்.

யாழ்ப்பாணம் திருநெல்வேலி ஜிம்மில் கேள்விப்பட்ட பெடியள், "அண்ணை, அது ஆம்பிளை ஹோமோனைக் குறைக்கும், உடம்பு ஏறாது" என்றார்கள். பயந்து இரண்டு கிழமை குளிசையைத் தொடவில்லை. பிறகு வைத்தியரிடமே கேட்டேன். டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஹோமோன், டிஎச்டி என்ற இன்னொரு ஆண் ஹோமோனாக மாறுவதைத்தான் இந்த மருந்து தடுக்கிறது. மயிர்வேரைச் சுருக்குவது அந்த டிஎச்டி. இரத்தத்தில் அது ஏறக்குறைய 70 வீதம் விழும். டெஸ்டோஸ்டெரோன் விழாது, சற்றுக் கூடும். தசையில் டெஸ்டோஸ்டெரோன் டிஎச்டியாக மாறுவது மிகக் குறைவு, அங்கே அது நேரடியாகவே வேலை செய்கிறது. டிஎச்டியை இன்னும் கடுமையாகக் குறைக்கும் டூட்டாஸ்டரைட்டைக் கொடுத்துப் பார்த்த 2012 ஆய்விலும் தசை வளர்ச்சி குறையவில்லை.

ஜிம் கணக்கு எழுதும் என் கொப்பியும் அதைத்தான் சொல்கிறது. தோளில் பாரம் வைத்து இருந்தெழும்பும் ஸ்குவாட் 80 கிலோவிலிருந்து 115. முதல் வருடம் நல்லூர்த் திருவிழாவோடு பாரம் ஏறாமல் நின்றபோது குளிசையைத்தான் திட்டினேன். பழைய பக்கங்களைப் புரட்டினால், குளிசை தொடங்க முந்திய வருடமும் அதே நாட்களில் அதே தேக்கம். 25 நாளும் வீட்டில் மரக்கறி. மீனும் முட்டையும் இல்லாத இடத்தை நான் பருப்பால் நிரப்பவில்லை. அடுத்த வருடம் கடலையும் தயிரும் கூட்டினேன், பாரம் நிற்கவில்லை.

தலையில் இரண்டாம் மாதம் கொட்டல் கூடியது, பயந்தேன். ஒன்பதாம் மாதம் உச்சி அடர்ந்தது. நெற்றி திரும்பவில்லை, அதற்குமேல் ஏறவுமில்லை. நிறுத்தினால் ஒரு வருடத்துக்குள் கிடைத்ததெல்லாம் போய்விடும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். முதல் நான்கு மாதம் பாலியல் ஆசை குறைந்தது. வெட்கத்தை விட்டு வைத்தியரிடம் சொன்னேன். ஆறாம் மாதம் சரியானது. எல்லோருக்கும் அப்படிச் சரியாகும் என்றில்லை, சிலருக்கு மனச்சோர்வும் வரும். வந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கோ.

காசு மிச்சம் என்று 5 மில்லிகிராம் குளிசையைக் குசினித் தட்டில் பிளேட்டால் வெட்டுவேன். வெள்ளைத் தூள் தட்டில் ஒட்டும். அப்போது அக்கா கர்ப்பம். அந்தத் தட்டைக் கழுவியது அவதான். உடைந்த குளிசையைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது, வயிற்றில் ஆண் பிள்ளை என்றால் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம் என்று வைத்தியர் சொன்னபோது கை நடுங்கியது. அன்றிலிருந்து 1 மில்லிகிராம் முழுக் குளிசைதான், என் அறை லாச்சிக்குள்.