டி-ஷர்ட்டுக்கு முன் காப்பிரைட்: மூன்று வருட அனுபவம்

கோவைக் குளங்களில் பார்க்கும் பறவைகளைக் கோட்டோவியமாக வரைந்து, திருப்பூரில் டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்கிறேன். முதல் ஓவியமான நீலத் தாழைக்கோழிக்குக் காப்பிரைட் பதிவு செய்து மூன்று வருடம் ஆகிறது. அந்தச் சான்றிதழ் எனக்கு எங்கே உதவியது, எங்கே கைவிட்டது என்று சொல்கிறேன்.

வரைந்து முடித்த நிமிடமே காப்பிரைட் நம்முடையதுதான். இந்தியாவில் பதிவு கட்டாயமில்லை. ஓவியரின் ஆயுள் முழுக்க, அதற்கப்புறம் 60 ஆண்டு அது இருக்கும். பதிவு என்பது தகராறு வந்தால் எடுத்து நீட்ட ஓர் ஆதாரம், அவ்வளவே.

ஆன்லைனில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். அது என் தப்பு. பொருட்களில் பயன்படுத்தக்கூடிய ஓவியத்துக்கு 2,000 ரூபாய். கூடவே, இதே மாதிரிப் படம் யாருடைய டிரேட்மார்க்காகவும் இல்லை என்று டிரேட்மார்க் பதிவகம் தரும் தேடல் சான்றிதழும் வேண்டும். அதையெல்லாம் சரிசெய்து, ஆட்சேபணைக்கான 30 நாளும் கழிந்து, சான்றிதழ் கைக்கு வரப் பத்து மாதம் ஆனது. அதுவரை விற்பனையை நிறுத்தவில்லை, நிறுத்தத் தேவையும் இல்லை.

அடுத்த வருடமே ஓர் ஆன்லைன் கடையில் என் தாழைக்கோழி சுவர் போஸ்டராகத் தொங்கியது. சான்றிதழை இணைத்துப் புகார் அனுப்பினேன். விதிப்படி 36 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், மறுநாளே எடுத்துவிட்டார்கள். 21 நாளுக்குள் நாம் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் அவர்கள் திரும்பப் போடலாம். நல்லவேளை, போஸ்டரைப் போட்ட ஆள் திரும்ப வரவில்லை.

அப்புறம் ஒரு கண்காட்சியில் அதே பறவையை வேறொருவர் டி-ஷர்ட்டிலேயே விற்பதைப் பார்த்தேன். சான்றிதழ்தான் இருக்கிறதே என்று தெம்பாக வக்கீலிடம் போனேன். “எத்தனை பீஸ் அடிச்சீங்க?” என்றார். முதல் ஆர்டரே 200. அப்போதுதான் காப்பிரைட் சட்டத்தின் 15(2) பிரிவைக் காட்டினார். டிசைன் சட்டம் என்பது பொருளின் தோற்றத்துக்கான தனிச் சட்டம். அதில் பதியத்தக்க ஒரு டிசைனைப் பதியாமல் விட்டு, அது ஏறிய பொருளைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் தயாரித்தால் அந்த டிசைனுக்கான காப்பிரைட் போய்விடும். தாளில் இருக்கும் மூல ஓவியம் இன்னமும் என்னுடையதுதான். துணியில் ஏறியதற்குப் பாதுகாப்பு உண்டா என்பது கோர்ட்டில் வாதாட வேண்டிய சங்கதி. அவ்வளவு தூரம் போக எனக்குத் தெம்பில்லை, விட்டுவிட்டேன்.

சரி, இப்போதாவது டிசைனாகப் பதியலாமா என்றால், “இன்ஸ்டாகிராம்ல போட்டீங்களா?” என்றார். போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஊருக்கே காட்டிய பிறகு அது புது டிசைன் ஆகாது.

அதனால் நன்றாக ஓடும் என்று தோன்றும் படங்களுக்கு இப்போது முதலில் டிசைன் விண்ணப்பம்தான். தனிநபருக்கு 1,000 ரூபாய். பாதுகாப்பு 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5. பொருள் வகைக்குத் தனித்தனியாகப் போட வேண்டும். டி-ஷர்ட்டுக்குப் பதிந்தது காபி கப்புக்கு ஆகாது. டிசைனாகப் பதிந்துவிட்டால் அந்த டிசைனுக்குக் காப்பிரைட்டும் கிடையாது. ஆயுளோடு 60 ஆண்டைக் கொடுத்துவிட்டு 15 ஆண்டை வாங்குகிறோம். டி-ஷர்ட் வியாபாரத்துக்கு அதுவே தாராளம் என்பது என் கணக்கு. மற்ற ஓவியங்களுக்குச் சான்றிதழ்கூட வாங்குவதில்லை. தேதியுள்ள பென்சில் வரைவுகளையும் லேயர் பிரிந்த ஃபைல்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

புதிதாக வரைந்த கூழைக்கடா மேஜை டிராயரில் கிடக்கிறது. விண்ணப்ப எண் வரும்வரை அம்மாவுக்குக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பப் போவதில்லை. குடும்பக் குரூப்பில் போட்டுவிடுவார்.