மூன்றாம் ஜோடி டிஃபென்ஸ்மேனை யாருக்கு, எதற்கு விற்பது? பக்பீடியாவில் கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஐஸ் ஹாக்கி பார்க்கிறவர்களுக்கு, அதிலும் டிரேட் (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது) பேச்சு வந்தாலே தூக்கம் போகிற என்னைப் போன்ற டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ரசிகர்களுக்கு, பக்பீடியா தளத்தை மனதாரச் சிபாரிசு செய்கிறேன். வட அமெரிக்காவின் பெரிய ஹாக்கி லீக்கான என்.எச்.எல். வீரர்களின் ஒப்பந்தம், அணிகளின் சம்பள உச்சவரம்பு (ஓர் அணி சம்பளத்துக்குச் செலவழிக்கக்கூடிய அதிகபட்சம்), யாரை அனுப்பினால் எவ்வளவு இடம் மிஞ்சும் என்பதெல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது. காசு கொடுக்க வேண்டியதில்லை.

இதற்கு முன் இதே வேலையைச் செய்த கேப்ஃப்ரெண்ட்லி தளம்தான் எங்களுக்கு எல்லாம். வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணியே அதை வாங்கிவிட்டது, 2024 ஜூலையில் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். அதற்கும் முன்னால் மேத்யூ வூஸ்ட் என்ற பத்திரிகையாளர் உருவாக்கிய கேப்கீக் இருந்தது. அவர் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த 2015இல் அது நின்றுபோனது, அதே ஆண்டு மார்ச்சில் அவரும் இறந்துவிட்டார். ரசிகனும் கணக்குப் பார்க்கலாம் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர், அந்த நன்றி எனக்கு இன்னும் இருக்கிறது.

சரி, தளத்தை எப்படிப் பயன்படுத்துகிறேன் என்பதற்கு டிமதி லில்யெக்ரென் விஷயம்தான் நல்ல உதாரணம். புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2017இல் முதல் சுற்றில் 17ஆவதாக லீஃப்ஸ் எடுத்த டிஃபென்ஸ்மேன் பையன். 2024 ஜூன் 30 அன்று ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் என்று இரண்டு வருட ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த நாளே கிறிஸ் டேனவ், ஆலிவர் எக்மன்-லார்சன் என்று இன்னும் இரண்டு டிஃபென்ஸ்மேன்கள் வந்துவிட்டார்கள், புதுப் பயிற்சியாளர் கிரெய்க் பெரூபி வேறு. சீசன் தொடங்கி மூன்று வாரம் ஆகியும் லில்யெக்ரென் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். அந்த சீசன் வரம்பே 8.8 கோடி டாலர்தான், அதில் 30 லட்சத்தை மேலே கேலரியில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு அணி எத்தனை நாள் ஓட்டும்?

வீரரின் பக்கத்தையும் அணியின் பக்கத்தையும் அருகருகே திறந்து வைத்தால் வழிகள் தெளிவாகத் தெரியும். வேய்வர்ஸில், அதாவது மற்ற அணிகள் எதுவும் தராமல் எடுத்துக்கொள்ளக்கூடிய பட்டியலில், போட்டால் யாராவது சும்மா எடுத்துக்கொண்டு போய்விடலாம். யாரும் எடுக்காமல் கீழ் லீக்குக்கு அனுப்பினாலும் அந்த வருட விதிப்படி அணியின் வரம்புக் கணக்கிலிருந்து 11.5 லட்சம்தான் கழியும், மீதி 18.5 லட்சம் கணக்கில் அப்படியே நிற்கும். பாதிச் சம்பளத்தை நாமே சுமந்து விற்கலாம், விலை கொஞ்சம் கூடும், ஆனால் இரண்டு வருடமும் 15 லட்சம் நம் தலையில், அதோடு ஒரு அணி ஒரே நேரத்தில் மூன்று ஒப்பந்தங்களுக்குத்தான் அப்படிச் செய்யலாம். மூன்று டிஃபென்ஸ் ஜோடிகளில் கடைசியான மூன்றாம் ஜோடி ஆட்டக்காரருக்காக அந்த இடத்தைச் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசியில் அக்டோபர் 30 அன்று சான் ஹோசே அணிக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு மேட் பென்னிங் என்ற டிஃபென்ஸ்மேன், 2025 டிராஃப்டில் மூன்றாம் சுற்றுத் தேர்வு (அந்தச் சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமை) ஒன்று, 2026 ஆறாம் சுற்றுத் தேர்வு ஒன்று. அன்றைக்குப் பலருக்குக் கோபம், முதல் சுற்றுப் பையனுக்கு இவ்வளவுதானா என்று. எனக்கும் வருத்தம்தான். அப்புறம் பென்னிங்கின் பக்கத்தைத் திறந்தேன்: ஆண்டுக்கு 12.5 லட்சம். அவரை லீஃப்ஸின் கீழ் லீக் அணியான மார்லீஸுக்கு அனுப்பிவிட்டால் 11.5 லட்சம் கழிந்து, கணக்கில் நிற்பது வெறும் ஒரு லட்சம். ஆக, லீஃப்ஸுக்கு உண்மையில் கிடைத்தது 29 லட்சம் இடமும் இரண்டு தேர்வுகளும். பென்னிங்கை ஏன் வாங்கினார்கள் என்ற கேள்விக்கு இரண்டே நிமிடத்தில் பதில் கிடைத்துவிட்டது. இதே கணக்கை நீங்களே செய்து பார்க்க பக்ஜிஎம் என்ற பகுதி இருக்கிறது, ஆட்களை இங்கும் அங்கும் மாற்றிப் போட்டு வரம்புக்குள் வருகிறதா என்று பார்க்கலாம். ஒரு ராத்திரி முழுக்க அதிலேயே போய்விடும், எச்சரித்துவிடுகிறேன்.

ஆனால் கணக்கு மட்டும் போதாது. லீஃப்ஸின் இன்னொரு டிஃபென்ஸ்மேன் கானர் டிம்மின்ஸுக்கு அந்த சீசனில் 11 லட்சம்தான், கீழே அனுப்பினால் கணக்கில் எதுவுமே நிற்காது, சம்பளத்துக்காக அவரை விற்க வேண்டிய அவசியமே கிடையாது. இருந்தும் 2025 மார்ச் 7 அன்று கானர் டூவரோடு சேர்த்து, ஒரே ஒரு ஐந்தாம் சுற்றுத் தேர்வுக்கு பிட்ஸ்பர்க் போனார். ஏன்? அதே நாள் பாஸ்டனிலிருந்து பிராண்டன் கார்லோ வந்தார், அவரும் வலது கை டிஃபென்ஸ்மேன். ஒரு ஆட்டத்தில் இறங்கி ஆடும் டிஃபென்ஸ்மேன்கள் ஆறு பேர், டிம்மின்ஸுக்கு அங்கே இடம் இல்லை. யார் யாரோடு ஜோடி சேர்கிறார், கடைசி ஐந்து நிமிடத்தில் யாரை இறக்குகிறார்கள் என்பதை ஆட்டத்தில்தான் பார்க்க முடியும். அதனால் நான் பக்பீடியாவுக்குப் பக்கத்திலேயே நேச்சுரல் ஸ்டாட் ட்ரிக் என்ற புள்ளிவிவரத் தளத்தையும் திறந்து வைத்துக்கொள்கிறேன், ஐஸில் எத்தனை நிமிடம் ஆடினார் என்பது அதில் ஆட்டம் ஆட்டமாக இருக்கும்.