உப்புவெளி சனிக்கிழமை வகுப்பு: பிள்ளையளை நம்பி அனுப்பலாம்

ஓஎல் (சாதாரண தரப்) பரீட்சை எழுதிவிட்டு ஃபோனும் கையுமாகக் கிடந்த மகளை இந்தக் குடியியல் வகுப்புக்கு அனுப்பினன். மாதிரி வாக்குச்சீட்டில் கட்சிக்குப் புள்ளடி, பிறகு மூன்று விருப்பு வாக்கு வரை போடப் பழக்கினவை. எங்கட திருகோணமலை மாவட்டத்தின் 4 பாராளுமன்ற ஆசனங்களும் எப்படிப் பங்கிடப்படுது என்று தகப்பனுக்கே விளங்கப்படுத்துறாள். (மனுசன் வாயே திறக்கேல்ல.)

ஆனால் திறமான பகுதி, 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஒவ்வொருவரும் தங்கட ஒழுங்கைப் பிரச்சினைக்கு உண்மையான விண்ணப்பம் எழுதவேணும். மகள் வடிகான் வேலைக்கு ஒதுக்கிய காசைக் கேட்டிருக்கிறாள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேணுமாம், கலண்டரில் வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

கட்சிக் கதை இல்லை. அரசியலமைப்பு வரலாறு மட்டும் சரியான இழுவை. மண்டபத்தில் ஒரேயொரு ஃபேன், தண்ணிப் போத்தல் குடுத்துவிடுங்கோ.