மடக்கு பிளாஸ்டிக் கிரேட்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கோவையில் வார்ப்பிரும்புப் பாகங்களுக்குக் கடைசல் வேலை செய்து, ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தள்ளி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து வாகன ஆலைகளுக்கு அனுப்பும் சிறிய தொழிற்கூடம் எங்களுடையது. அட்டைப் பெட்டிகளை விட்டு, 600×400 மில்லிமீட்டர் அடிப்பரப்புள்ள மடக்கு பிளாஸ்டிக் கிரேட்டுகளுக்கு, அதாவது திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பெட்டிகளுக்கு, மாறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. வாங்க நினைப்பவர்கள் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். ஆனால் காலியான கிரேட் எவ்வளவு விரைவாக நம்மிடம் திரும்புகிறது என்பதில்தான் லாப நட்டம் இருக்கிறது.

சரக்கை அடுக்கும் 1200×1000 மில்லிமீட்டர் அளவுள்ள பேலட் பலகையில் ஓர் அடுக்குக்கு ஐந்து கிரேட்டுகள் விளிம்பைத் தாண்டாமலும் இடம் வீணாகாமலும் கச்சிதமாக அமர்கின்றன. மழைக்காலத்தில் அட்டைப் பெட்டி ஈரத்தை இழுத்து இளகிவிடும்; அடியில் இருப்பது நசுங்கினால் மேலே அடுக்கியவை சாய்ந்து, கடைசல் முடித்த முகங்கள் ஒன்றோடொன்று உரசும். கிரேட்டில் சுவர்களும் மூலைகளுமே எடையைத் தாங்குவதால் அந்தச் சேதம் வெகுவாகக் குறைந்துவிட்டது. விரல் பட்ட இடத்தில் எழும் பழுப்புத் துருத்தடம் மட்டும் கிரேட்டால் நீங்காது. கையுறையும் துருத்தடுப்பு விசிஐ உறையும் இன்றும் கட்டாயம் தேவை.

முதலில் பழுதாவது கீல். சரக்கு இறக்கும்போது ஒரு பக்கச் சுவரைப் பிடித்து இழுத்தால் அது பிளந்துவிடும். அதனால் உள்ளூரில் முலாம் பூசும் கூடத்துக்குப் போய்வர, நீடித்து உழைக்கும் மடங்காத கிரேட்டையே பயன்படுத்துகிறோம். தொலைதூரத்துக்கு மடக்கு வகைதான் சரி: மடித்தால் உயரம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகச் சுருங்குவதால், பல லோடுகளின் காலி கிரேட்டுகளை ஒரே வண்டியில் திரும்பக் கொண்டுவரலாம்.

எதிர்பார்த்ததைவிடப் பெரிய பயன் உற்பத்தியில் கிடைத்தது. ஒரு கிரேட்டுக்கு இத்தனை பாகங்கள் என்று நிலையாக வைத்ததால், கிரேட்டுகளை எண்ணினாலே இருப்பு தெரிந்துவிடுகிறது. டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த கன்பன் முறையின் அடிப்படையும் இதுவே: பயன்படுத்தித் தீர்ந்த அளவுக்கு மட்டுமே மீண்டும் செய்ய வேண்டும். காலி கிரேட் வந்த பாகத்தை மட்டும் லேத்தில் ஏற்றுகிறோம். யாரும் கேட்காத பாகம் மாதக்கணக்கில் மூலையில் கிடந்து துருப்பிடிப்பதில்லை.

இவை அனைத்தும் காலி கிரேட்டுகள் தடையின்றித் திரும்பினால் மட்டுமே நடக்கும். வாடிக்கையாளர் ஆலையில் நம் கிரேட்டுகளில் அவர்களுடைய போல்ட் நட்டுகளைப் போட்டு வைத்துவிடுவார்கள். அங்கே அவை முடங்கினால் இங்கே மறுபடியும் அட்டைப் பெட்டி வாங்க வேண்டி வரும். ஆகவே போவதற்கும் வருவதற்கும் டெலிவரி சலானில் கிரேட் எண்ணிக்கையைத் தனி வரியாக எழுதி, வாரந்தோறும் இரு தரப்பும் கணக்கைச் சரிபார்ப்பது இன்றியமையாதது.

சுற்றுச்சூழல் நன்மையையும் நிதானமாகவே மதிப்பிட வேண்டும். ஒரு கிரேட்டில் அட்டைப் பெட்டியைவிடப் பல மடங்கு எடைக்குப் பாலிபுரொப்பிலீன் சேர்கிறது; எண்ணெய்ப் பிசுக்கையும் இரும்புத் துகளையும் கழுவத் தண்ணீர் செலவாகிறது; காலியைத் திருப்பிக் கொண்டுவர டீசலும் எரிகிறது. பலமுறை சுற்றி வந்த பிறகே அந்தச் செலவு ஈடாகும். உடைந்தவற்றை உருக்கிக் குருணையாக்கி மறுபடியும் பயன்படுத்த முடிவது ஓர் ஆறுதல். திரும்பும் வண்டி உறுதியில்லாத வாடிக்கையாளர்களுக்கும் ஏற்றுமதிக்கும் நாங்கள் இப்போதும் அட்டைப் பெட்டியில்தான் அனுப்புகிறோம்.