வீடு மாறுகிறவர்கள் கவனத்துக்கு: சாமான் லாரியில் ஏறிய பிறகுதான் விலையும் ஏறும்

கோலாலம்பூரில் வீடு மாற லாரி தேடிக்கொண்டிருப்பவர்கள், முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பேசிய விலைக்கு மேல் எங்களுக்குப் போனது 2,130 வெள்ளி (ரிங்கிட்). ஐஸ்பெட்டியை (ஃபிரிட்ஜ்) பழுதுபார்க்க ஆகப்போகிற செலவு அதில் சேரவில்லை. வீடு மாறுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் முழுசாக எழுதுகிறேன். முதலில் இவர்கள் செய்கிற வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

விளம்பரம் வந்தது பழைய சாமான் வாங்கி விற்கிற ஒரு கைப்பேசிச் செயலியில். பெயர் வேண்டாம். "3 டன் லாரி, 3 ஆள், 950 வெள்ளி, எல்லாம் அடக்கம்." செந்தூலில் மூன்றறை அடுக்குமாடி வீட்டிலிருந்து ஜாலான் கிள்ளான் லாமா பக்கம் ஒரு கொண்டோ அடுக்குமாடிக்கு. ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பியாகிவிட்டது. எத்தனை கட்டில், எத்தனை அலமாரி, லாரி நிற்கிற இடத்திலிருந்து லிப்ட் எவ்வளவு தூரம், எல்லாம் எழுத்தில் போயிருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் 950 என்றார்கள்.

நம்பிக்கை வந்த இடம் எது தெரியுமா? போனில் பேசியவர் நல்ல தமிழில், "அண்ணே, பால் காய்ச்சுறது எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். பதினொரு மணி என்றதும், "சாமி படம், குத்துவிளக்கு, பால் சட்டி, சின்ன அடுப்பு, அரிசி, உப்பு, மஞ்சள் எல்லாத்தையும் தனியா ஒரே பெட்டியில கட்டி வைங்க. அதைக் கடைசியா ஏத்தி முதல்ல இறக்கித் தர்றேன். அக்காவுக்கு ஒரு டென்ஷனும் வேணாம்" என்றார். தொழில் தெரிந்தவன் பேச்சு அது. கடைசியில் ஏற்றுவதுதான் முதலில் இறங்கும், அது சரியான முறைதான். அந்தப் பேச்சுக்குத்தான் 300 வெள்ளி முன்பணம் அப்போதே போனது, ஒரு தனிநபர் கணக்குக்கு. "கம்பெனி கணக்கு இப்ப மாத்திக்கிட்டிருக்கோம் அண்ணே."

நேரம் கேட்டது அக்கறையில் இல்லை. எத்தனை மணிக்கு மேல் இந்தக் குடும்பம் பேரம் பேசாது என்று தெரிந்துகொள்ளக் கேட்டது. சனிக்கிழமை, பதினொரு மணிக்குப் பால் காய்ச்ச வேண்டும், கொண்டோவில் ஐந்து மணிக்குச் சாமான் லிப்ட்டை நிறுத்திவிடுவார்கள், பழைய வீட்டுச் சாவியை அன்றைக்கே ஒப்படைக்க வேண்டும். மூன்று கெடுவும் அவர்கள் கையில்.

வந்தது 3 டன் லாரி இல்லை. 1 டன், பத்தடிப் பெட்டி. வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்: 3 டன் என்றால் பெட்டி பொதுவாக 14 முதல் 17 அடி நீளம் இருக்கும். மூன்றறை வீட்டுச் சாமான் பத்தடிப் பெட்டியில் ஒரு நடையில் போகவே போகாது. வீடியோ பார்த்தவர்களுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் அனுப்புகிறார்கள். ஓட்டுநரைக் கேட்டால், "பெரிய லாரி கெட்டுப்போச்சு, ரெண்டு நடை அடிச்சிருவோம், ஒண்ணும் பிரச்சினை இல்லை." காசு பற்றி அப்போது ஒரு வார்த்தை இல்லை. மளமளவென்று ஏற்றினார்கள்.

கொண்டோ நிர்வாகத்தில் கொடுத்த படிவத்தில் 3 டன் லாரியின் எண்தான் இருந்தது. வேறு எண்ணோடு போனதும் காவலாளி வாசலிலேயே நிறுத்திவிட்டார். அலுவலகத்தில் எண்ணை மாற்றி வாங்கி உள்ளே விட நேரமாகிவிட்டது. உள்ளே போனதும் லாரிக் கதவைத் திறக்கவில்லை. கதவில் மஞ்சள் நிறப் பூட்டு, சாவி ஓட்டுநர் கழுத்துக் கயிற்றில். கைப்பேசியை நீட்டிக் கணக்கைக் காட்டினார். இரண்டாவது நடை 600. கட்டில், அலமாரி கழற்றி மாட்ட நாலு உருப்படி, ஒவ்வொன்றும் 80, ஆக 320. ஐஸ்பெட்டி, வாஷிங் மெஷின் "கனமான சாமான்" என்று தலா 100, ஆக 200. லிப்ட் தூரம் 200. வாசலில் காத்திருந்த நேரம் 160. அந்தத் தாமதமே அவர்கள் லாரியை மாற்றியதால் வந்தது! டீசல், டோல் 150. மொத்தம் 1,630 வெள்ளி, பேசிய 950-க்கு மேலே. மீதி 650-ஐயும் சேர்த்து இப்போதே கையில் கொடுத்தால்தான் பூட்டு திறக்கும். சாமி படப் பெட்டியும் உள்ளே. மணி பத்தரை தாண்டிவிட்டது. பாதிச் சாமான் இன்னும் செந்தூலில். யார் என்ன பேசுவது? கொடுத்தாகிவிட்டது.

அதோடு போகவில்லை. ஐஸ்பெட்டியை இறக்கும்போது லிப்ட்டுக்குள் மெத்தை விரிப்பைக்கூட மாட்டவில்லை. ஐஸ்பெட்டியின் கால் உரசி லிப்ட் சுவரில் இரண்டடிக்கு ஒரு கோடு. கொண்டோ நிர்வாகம் நம்முடைய வைப்புத்தொகை 500 வெள்ளியைப் பிடித்துக்கொண்டது. அவர்களுக்குக் கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு, லாரிக்காரன் யாரென்று தெரியாது. 1,630-ம் 500-ம் சேர்ந்து 2,130 வெள்ளி.

இனி அதற்குப் பிறகு நடந்தது. முதலில் "பாஸ் வெளியூர் போயிருக்காரு." பிறகு "ஓட்டுநர் எங்க ஆள் இல்லை, வெளியில எடுத்தது, அவர்கிட்ட பேசிக்குங்க." ஓட்டுநர் எண்ணுக்கு அடித்தால், "நான் கூலிக்கு ஓட்டுறவன், காசு ஆபீசுக்குப் போயிருச்சு." ரசீது கேட்டால் "திங்கட்கிழமை." திங்கட்கிழமை கேட்டால் இரண்டு நீலக் குறி மட்டும். செயலி நடத்துகிறவர்களுக்கு எழுதினால், நாங்கள் விளம்பர இடம் மட்டும்தான் தருகிறோம், பணம் எங்கள் வழியாகப் போகவில்லையே என்று எழுதி வைத்த பதில். கடைசியாக ஒரு செய்தி வந்தது: ஐந்து நட்சத்திரம் போட்டால் 100 வெள்ளி திருப்பித் தருவார்களாம். 2,130-க்கு 100! மறுத்ததும் எண்ணை முடக்கிவிட்டார்கள். அந்த விளம்பரத்துக்குக் கீழே இருக்கிற நட்சத்திரமெல்லாம் எப்படி வந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

ஐஸ்பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பலருக்கு இது தெரிவதில்லை. சின்ன லாரியில் இடம் பிடிக்க அதைப் படுக்க வைத்து மேலே சோபாவைப் போட்டுவிட்டார்கள். படுக்க வைத்தால் கம்ப்ரசரில் இருக்கிற எண்ணெய் குழாய்க்குள் ஓடிவிடும். வந்த உடனே சுவிட்சைப் போட்டால் எண்ணெய் இல்லாமல் கம்ப்ரசர் ஓடித் தேயும். வழியில் குலுங்கினால் கம்ப்ரசரைத் தாங்குகிற ஸ்பிரிங்கும் கழன்றுகொள்ளும். ஐஸ்பெட்டி நின்றபடிதான் வர வேண்டும். யாராவது படுக்க வைத்துவிட்டால் நிமிர்த்தி வைத்து, முடிந்தால் ஒரு முழு நாள் விட்டுப் போடுங்கள். இவர்கள் இறக்கியதும் "வேலை செய்யுது பாருங்க" என்று தாங்களே சுவிட்சைப் போட்டுக் காட்டிவிட்டுப் போனார்கள். இப்போது கடகடவென்று சத்தம், குளிர் இல்லை.

முன்பக்கக் கதவு வாஷிங் மெஷினும் அப்படித்தான். புதிதாக வாங்கும்போது பின்னால் நீளமான போல்ட் மூன்றோ நாலோ இருக்கும், மாட்டுகிறவர் கழற்றிக் கையில் கொடுப்பார். இடம் மாற்றும்போது அதைத் திரும்பப் போட்டு டிரம்மை இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் டிரம் ஆடி உள்ளே உடையும். பெரும்பாலும் அந்த போல்ட்டைத் தூக்கிப் போட்டிருப்போம். இன்றைக்கே தேடிப் பாருங்கள்.

மரத்தூள் பலகை அலமாரியைக் கழற்றி மாட்ட 80 வெள்ளி வாங்கினார்களே, மின் திருப்புளியை முழு வேகத்தில் வைத்து முடுக்கினார்கள். அந்தப் பலகையில் ஆணித் துளை ஒருமுறை அகன்றால் பிறகு பிடிக்காது, கதவு தொங்கிக்கொண்டே இருக்கும். கையால் முடுக்கச் சொல்லுங்கள். ஆணிகளை ஒரு பையில் போட்டு அந்தந்தப் பலகையிலேயே ஒட்டி வைக்கச் சொல்லுங்கள்.

"முழு இன்சூரன்ஸ் இருக்கு" என்பதையும் நம்பாதீர்கள். லாரிக்கு இருக்கிற காப்புறுதி வண்டிக்குத்தான். ஏற்றிய சாமானுக்குத் தனிக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். அந்தப் பத்திரத்தின் படத்தைக் கேளுங்கள், பேச்சு மாறும்.

பினாங்குக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர், பல பேர் சாமானை ஒரே லாரியில் சேர்த்து ஏற்றுவார்கள். பட்டர்வொர்த்தில் நிறுத்தி "தீவுக்குள்ள போக தனிக் காசு, பாலம் டோல் போகவர" என்று கேட்டால் அது பொய்க் கணக்கு. பினாங்குப் பாலத்தில் தீவுக்குப் போகும்போது மட்டும்தான் டோல், திரும்பி வரும்போது கிடையாது. இரண்டாவது பாலமும் அப்படித்தான். வீட்டு வாசல் வரை என்ன விலை என்று ஏற்றுவதற்கு முன்பே எழுதி வாங்குங்கள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாகிவிட்டது. பேசிய விலையில் தகராறு, பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்கள் என்றார்கள். புகார் எண் ஆதாரத்துக்கு உதவும். நடுவர் மன்றம் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன் கீழ் வருவது. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வைக்க வேண்டியதில்லை, மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் மனுவில் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். தனிநபர் கணக்கு, கையில் வாங்கிய ரொக்கம், ரசீது இல்லை. ஏன் அப்படி வாங்குகிறார்கள் என்று இப்போது புரிகிறதா? கணக்குப் பெயரையும் லாரி எண்ணையும் வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறோம். 2,130 வெள்ளியை விடுவதாக இல்லை.

ஏசி கழற்றுவது, தெனாகா மின்சாரக் கணக்கு மாற்றுவது, இணையம் மாற்றுவது, பெட்டி கட்டுவது எல்லாம் எழுதலாம் என்றுதான் இருந்தேன். இப்போது கை ஓடவில்லை, அவசரமானதை மட்டும் சொல்கிறேன். எஸ்.எஸ்.எம். (நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையம்) பதிவு எண் கேளுங்கள். புதிய எண் 12 இலக்கம், முதல் நாலு இலக்கம் பதிவான ஆண்டு. "பத்து வருஷ அனுபவம்" என்கிறவனின் எண் போன வருடத்தில் தொடங்கினால் விலகிவிடுங்கள். பணம் அனுப்பும் கணக்கு எண்ணையும் போன் எண்ணையும் மோசடியில் புகாரான எண்களைத் தேடிப் பார்க்கிற போலீசின் செமாக் மியூல் இணையப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். முன்பணம் வாங்கிவிட்டு லாரியே வராவிட்டால் உடனே மோசடிப் புகார் எண் 997-க்கு அழையுங்கள், நேரம் போகப் போகப் பணத்தைத் தடுக்க முடியாது. லாரி எண், பெட்டி நீளம், ஆள் எண்ணிக்கை, கழற்றி மாட்டுவது, லிப்ட் சேதத்துக்கு யார் பொறுப்பு, இதற்கு மேல் ஒரு காசும் கிடையாது என்பது, எல்லாம் வாட்சாப்பில் அவர்கள் வாயாலேயே "ஆம்" என்று வரட்டும். லிப்ட்டின் உட்புறத்தை ஏற்றுவதற்கு முன்னும் இறக்கிய பின்னும் படம் எடுங்கள். கேஸ் தோம்பை (சிலிண்டர்) லாரியில் ஏற்ற விடாதீர்கள். பால் காய்ச்சும் சாமானும் சாமி படமும் உங்கள் காரில் வரட்டும், நல்ல நேரம் எப்போது என்று லாரிக்காரனிடம் சொல்லாதீர்கள். சொன்ன லாரிக்குப் பதில் வேறு லாரி வந்தால் ஒரு நாற்காலியைக்கூட ஏற்ற விடாமல் அங்கேயே திருப்பி அனுப்புங்கள்.