ஒன்றரை வருஷமா எங்க கிச்சன்ல இருக்குற ப்ளோ டார்ச் பத்தி

டார்ச்சுன்னா பேட்டரி போட்டு அடிக்கிறது இல்லைங்க, சின்ன கேஸ் கேன் தலையில மாட்டி பட்டனை அழுத்துனா விரல் நீளத்துக்கு நீலக் கலர்ல நெருப்பு சீறிக்கிட்டு வருமே அது. பெரிய ஹோட்டல்ல ஸ்வீட் மேல சர்க்கரையை உருக்க வச்சிருப்பாங்க, நம்ம கறிக்கடையில ஆட்டுத்தலை பொசுக்குறதுக்கு இதுலயே பெரிய சைஸ் ஒண்ணு சிலிண்டர்ல ட்யூப் மாட்டி வச்சிருப்பாங்க, பாத்திருப்பீங்க. வீட்டுக்கு எதுக்குடா இதெல்லாம்னுதான் நானும் நெனச்சேன். ஆனா கோயம்புத்தூர்ல இந்த ஃப்ளாட்டுக்கு வந்தப்புறம் அடுப்பு முழுக்க இன்டக்‌ஷன் ஆயிடுச்சு, வீட்டுல நெருப்புன்னு பாத்தா சாமி விளக்கு மட்டும்தான். சுட்ட அப்பளம் போச்சு, சுட்ட கத்திரிக்கா போச்சு, மஞ்ச தடவி வாட்டின நாட்டுக்கோழி போச்சு. அந்த மூணுக்காகத்தான் வாங்குனேன், அதுல ரெண்டு நல்லபடியா திரும்பி வந்துச்சு, ஒண்ணு பாதிதான் வந்துச்சு.

முதல்ல வாங்கினது அடியில கேஸ் ரொப்புற குட்டி டார்ச். லைட்டருக்கு அடிக்கிற கேஸ் டப்பா இருக்குல்ல, டார்ச்சைத் தலைகீழா புடிச்சு அதை வச்சு அழுத்தி ரொப்பணும், ரொப்பின உடனே பத்த வைக்காம அஞ்சு நிமிஷம் சும்மா விடணும். நாலு கிண்ணம் கஸ்டர்டுக்கு அது தாராளம், ஆனா ஒரு கோழியை எடுத்தா பாதியில அணைஞ்சிடும். மூணு மாசத்துல அலமாரியைத் திறந்தப்ப லேசா கேஸ் வாடை வந்துச்சு, சோப்புத் தண்ணி தொட்டு வால்வுல வச்சுப் பாத்தா குமிழ் குமிழா வருது, ஆஃப் பண்ணி வச்சிருந்த டார்ச்சுல! வாங்கின கடையில கேட்டா ரொப்புற ஐட்டத்துக்கு வாரன்டி கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. எனக்கு அன்னிக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சம் இல்ல, வீட்டுல ரெண்டு குழந்தைங்க இருக்காங்க. பால்கனியில வச்சு முழுசா காலியாக விட்டுட்டு தூக்கிப் போட்டேன். வாங்குறவங்க மாசம் ஒருக்கா அந்த சோப்புத் தண்ணி டெஸ்டைப் பண்ணிப் பாருங்க, ஒரு நிமிஷ வேலைதான்.

அப்புறம் வாங்கினது கேன் மேல மாட்டுற தலை மட்டும், 750 ரூபா. கேன் வந்து டூர் போறவங்க சின்ன போர்ட்டபிள் அடுப்புல போடுவாங்களே அதே 225 கிராம் கேன்தான், எனக்கு ஒண்ணு 130 ரூபாய்க்கு கிடைக்குது, வாரம் ஒருக்கா யூஸ் பண்ணினா ரெண்டு மாசத்துக்கு மேல வருது. கழுத்துல இருக்குற வெட்டுல பொருத்தி ஒரு திருகு திருகுனா மாட்டிக்கும். வாங்குறப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டு வாங்குங்க, சாய்ச்சுப் புடிச்சா நெருப்பு பொங்காம இருக்குற மாடலான்னு. கேனுக்குள்ள இருக்கறது பியூட்டேன், அது அழுத்தத்துல திரவமாத்தான் இருக்கும், சாய்க்கிறப்ப அந்தத் திரவம் அப்படியே வாய்க்கு வந்துட்டா மஞ்ச கலர்ல முழ நீளத்துக்கு குபீர்னு எரியும். நல்ல மாடல்ல உள்ள ஒரு குழாய் சுத்திப் போகும், நெருப்போட சூட்டுலயே திரவம் ஆவியாயிட்டுதான் வெளிய வரும். அதுலயும் பத்த வச்ச உடனே சாய்க்கக் கூடாது, ஒரு நிமிஷம் நேரா புடிச்சு அந்தக் குழாய் சூடாகட்டும்.

நிறைய பேரு சொல்ற குறை, டார்ச் பண்ணினா சாப்பாட்டுல கேஸ் வாசம் வருதுன்னு. எனக்கும் முதல் தடவை பன்னீர் டிக்கால வந்துச்சு, பசங்க ஒரு துண்டு கடிச்சுட்டு தட்டைத் தள்ளி வச்சுட்டாங்க. அப்புறம்தான் புரிஞ்சுது, நெருப்பை உத்துப் பாத்தா உள்ள ஒரு குட்டி நீலக் கூம்பு தெரியும், அந்தக் கூம்புக்குள்ள இருக்கறது இன்னும் முழுசா எரியாத கேஸ். அது சாப்பாட்டுல பட்டா வாசம் ஒட்டிக்கும். அதனால பத்த வைக்கிறதை சாப்பாட்டுக்கு நேரா வச்சுப் பண்ணாம வேற பக்கம் திருப்பிப் பண்ணணும், மஞ்ச கலர் போயி நீலம் நின்னப்புறம் கொண்டு வரணும், கூம்போட நுனி சாப்பாட்டைத் தொடாம ரெண்டு மூணு விரக்கடை தள்ளியே இருக்கணும், சூடு அதிகமா இருக்கறதும் கூம்புக்கு உள்ள இல்ல, அதோட நுனியை ஒட்டி வெளியிலதான். இந்த வாசத்துக்காகவே அமெரிக்காவுல டேவ் அர்னால்டுன்னு ஒருத்தர் டார்ச் வாயில மாட்டுற மாதிரி ஒரு கம்பி வலை செஞ்சு 2013ல ஜனங்ககிட்ட முன்பணம் திரட்டுற கிக்ஸ்டார்ட்டர் வெப்சைட்ல விட்டாரு, சியர்சால்னு பேரு, வலை பழுத்து அதோட அனல்தான் சாப்பாட்டுல படும். நம்ம வீட்டு வேலைக்கு அது தேவையில்ல, தூரம் பழகினா போதும்.

இது உண்மையிலேயே ராஜா மாதிரி வேலை செய்யிற இடம் க்ரெம் ப்ரூலே, அதாவது மேல சர்க்கரையை உருக்கி மொறுமொறுன்னு மூடின கஸ்டர்டு. முட்டை மஞ்சக் கரு, க்ரீம், சர்க்கரை சேர்த்து இட்லிப் பானையில சிம்முல அவிச்சு, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜுல வச்சுடறேன். மேல போடுற சர்க்கரையிலதான் ரெண்டு மூணு தடவை சொதப்புச்சு. நம்ம கடைச் சர்க்கரை பரல் பரலா இருக்கும், மேல பாதி கருகுறப்ப அடியில பாதி அப்படியே நிக்கும். மிக்ஸியில ஒரே ஒரு சுத்து விட்டு எடுத்தா சரியா வருது, ஆனா மாவாகிடக் கூடாது. நாட்டுச்சக்கரை போட்டுப் பாத்தேன், ஈரம் இருக்கறதால கட்டி கட்டியா நின்னு சீக்கிரமே கருகிக் கசந்துருச்சு. ஒரு ஸ்பூன் சர்க்கரையை மெல்லிசா பரப்பி டார்ச்சை ஒரே இடத்துல நிறுத்தாம வட்டமா சுத்திக்கிட்டே இருங்க, முதல்ல ஓரத்துல கண்ணீர்த் துளி மாதிரி உருகும், அப்புறம் நுரைச்சு சின்னச் சின்ன கொப்புளம் வரும், அப்படியே டிகாக்‌ஷன் கலருக்கு ஒரு படி முன்னாடி கைய எடுத்துடணும், ஏன்னா எடுத்தப்புறமும் அது கொஞ்சம் கறுக்கும். ரெண்டு நிமிஷம் ஆறவிட்டு ஸ்பூனால ஒரு தட்டு தட்டினா கண்ணாடி மாதிரி டக்னு உடையும், கீழ கஸ்டர்டு ஜில்லுனு இருக்கும். ஓவன்ல மேல் கம்பி போட்டுச் செஞ்சா சர்க்கரை உருகுறதுக்குள்ள கஸ்டர்டும் சூடாயிடுது, அதான் வித்தியாசம். டார்ச்செல்லாம் இல்லாத காலத்துலயே இதைச் செஞ்சிருக்காங்க, பிரான்ஸ்ல மாசியலோங்குற சமையல்காரர் 1691லயே எழுதி வச்ச பக்குவத்துல நெருப்பு அள்ளுற இரும்புக் கரண்டியை பழுக்கக் காய்ச்சி மேல வைக்கச் சொல்றாரு. கேஸ் அடுப்பு இருக்கறவங்க பழைய இரும்புக் கரண்டியை வச்சு அப்படியும் பண்ணிப் பாக்கலாம். கண்ணாடிக் கிண்ணம் மட்டும் வேண்டாம், விரிசல் விடும், பீங்கான் இல்லேன்னா எவர்சில்வர் வச்சுக்கோங்க.

கத்திரிக்காதான் பாதி வந்ததுன்னு சொன்னது. தோலு ரெண்டு நிமிஷத்துல சூப்பரா கருகுது, உள்ள அறுத்துப் பாத்தா பச்சைக் கத்திரிக்கா. சூடு தோலோடயே நின்னுடுது, சதை குழையணும்னா பத்து நிமிஷமாவது அனல்ல கெடக்கணும், அதுக்கு டார்ச் பிடிச்சா கையும் வலிக்கும் கேனும் காலியாகும். இப்ப இட்லிப் பானையில முழுசா வேகவச்சுட்டு, துணியில ஈரம் ஒத்திட்டு அப்புறம் பொசுக்கறேன், கொத்சுக்கு நல்லாவே இருக்கு, ஆனா விறகு அடுப்புல சுட்டது மாதிரி புகை உள்ள வரைக்கும் ஏறலை. அப்பளம் அருமை, இடுக்கில புடிச்சு ஒரு சாண் தள்ளி ரெண்டு பக்கமும் காட்டினா பொரிஞ்சு பொரிஞ்சு வருது. தக்காளி, குடமிளகா தோல் உரிக்க நல்லா உதவுது. சாம்பிராணிக்கு கரி பத்த வைக்கிறதும் இப்ப இதுலதான், முன்னாடி கற்பூரம் வச்சு ஊதி ஊதி கண்ணு எரியும்.

ஆனா இதுக்குக் குடுத்த காசு எனக்கு எங்க வசூலாச்சுன்னா நாட்டுக்கோழியிலதான். ஊர்ல அம்மா கோழிக்கு இறகு பிடுங்கின உடனே மஞ்ச தேச்சு வைக்கோலைப் பத்த வச்சு அதுல வாட்டுவாங்க. இங்க கடையில வாட்டித் தர்றேன்னு சொல்லி அவசரத்துல ஒரு காட்டு காட்டி வெட்டிடுவாங்க, இறக்கை மடிப்புலயும் கழுத்துலயும் பூமயிர் அப்படியே இருக்கும். போன பொங்கலுக்கு அம்மா வந்திருந்தப்ப முழுக் கோழியா வாங்கிட்டு வந்து, மஞ்சளும் கொஞ்சம் நல்லெண்ணெயும் தடவி, பால்கனியில பழைய இரும்பு தோசைக்கல்லு மேல வச்சு பத்த வச்சேன். நெருப்பு பட்ட இடத்துல பூமயிர் சுருண்டு பொறி மாதிரி ஒரு நொடி மின்னிட்டு காணாமப் போச்சு, தோல் அப்படியே இறுகி கொழுப்பு முத்து முத்தா வேர்க்குது, மஞ்ச கலர் கொஞ்சம் கொஞ்சமா தேன் கலருக்கு மாறுது. அம்மா பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, "அந்தக் கக்கத்துல காட்டு கண்ணு, அங்கதான் நிக்கும்"னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ஆறு ஏழு நிமிஷம், அவ்வளவுதான். கழுவி வெட்டி குழம்பு வச்சப்ப முதல் கொதியிலேயே அந்த வாசம் வந்துச்சு, வாட்டின தோலோட வாசம், ஃப்ளாட்டுக்கு வந்து முதல் தடவை. ஆட்டுக்காலும் இப்படித்தான், குளம்பு இடுக்குல கறிக்கடை டார்ச்சுக்கு எட்டாத முடியெல்லாம் நாம நிதானமா எடுக்கலாம்.

எதுல வச்சுப் பண்றீங்கங்கறதுல கவனம் வேணும். நான்ஸ்டிக் பாத்திரத்துல வேண்டவே வேண்டாம், அந்தக் கோட்டிங் 260 டிகிரிக்கு மேல புகைய ஆரம்பிக்கும், இந்த நெருப்பு ஆயிரத்தையே தாண்டும். கிரானைட் மேடை மேலயும் நேரா காட்டாதீங்க, வெடிக்கும். டிஷ்யூ, எண்ணெய் பாட்டில், தொங்குற துணி எதுவும் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கக் கூடாது, நான் துப்பட்டாவை இடுப்புல சொருகிட்டுதான் பத்தவே வைப்பேன். முடிஞ்சதும் கேனைக் கழட்டி வைங்க. பியூட்டேன் காத்தை விட கனமானது, கசிஞ்சா தரையோட தங்கும், அதனால சிங்க்குக்கு அடியில மூடின அலமாரியில வைக்காதீங்க. சித்திரை வெயில்ல கார்லயும் விடாதீங்க, கேன்லயே 50 டிகிரிக்கு மேல ஆகக் கூடாதுன்னு போட்டிருக்கும். வீட்டு சிலிண்டர்ல இருந்து ரொப்பித் தர்றோம்னு சில இடத்துல சொல்றாங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க, அந்த கேஸ்ல ப்ரோப்பேனும் கலந்திருக்கும், அழுத்தம் ரொம்ப ஜாஸ்தி, இந்தத் தகர கேன் அதுக்குச் செஞ்சது இல்ல. வெளிநாட்டுல இருந்து வர்ற சொந்தக்காரங்ககிட்ட கேன் கேக்காதீங்க, ஃப்ளைட்ல எந்தப் பையிலயும் விடமாட்டாங்க.

இப்ப புரட்டாசி, அதனால டார்ச்சுக்கு அப்பளமும் சாம்பிராணியும்தான் வேலை. அம்மா நேத்து போன் பண்ணி, மாசம் முடிஞ்சு முதல் ஞாயித்துக்கிழமை ஊருக்கு வர்றப்ப அதையும் எடுத்துட்டு வந்துரு கண்ணு, வைக்கோல் எல்லாம் மழையில நனைஞ்சு கெடக்குதுன்னு சொன்னாங்க. ரெண்டு கேன் வாங்கி வச்சிருக்கேன்.